கருவின் உறையை லேசரால் திறப்பது எப்படி: எந்தக் கருவுக்கு, எந்த இடத்தில், எவ்வளவு அகலத்தில்

ஐ.வி.எஃப் (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் கருவியலாளர் விரைவில் கற்றுக்கொண்டுவிடக்கூடிய வேலைகளில் லேசர் ஹேச்சிங்கும், அதாவது கரு வெளியேற வழிசெய்ய அதன் உறையை லேசரால் திறப்பதும், ஒன்று. திரையில் தெரியும் குறியைக் கருவின் உறை மீது நகர்த்தி மவுசை ஒரு முறை அழுத்தினால் உறையில் துளை விழுந்துவிடும். இக்ஸி (ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் முறை) செய்வதற்குத் தேவைப்படும் கைப்பக்குவத்தில் பாதிகூட இதற்குத் தேவையில்லை. கைக்கு இவ்வளவு எளிதாக இருப்பதால், எந்தக் கருவுக்கு, எந்த இடத்தில், எவ்வளவு அகலத்தில், எந்த நாளில் என்ற நான்கு கேள்விகளையும் கேட்காமலே பொத்தானை அழுத்தும் பழக்கம் பல ஆய்வகங்களில் வேரூன்றிவிடுகிறது. செய்முறையைச் சொல்லும் இக்கட்டுரை அந்தக் கேள்விகளை விட்டு விலகாமல் செல்ல முயல்கிறது.

உறையும் கருவும்

மனிதக் கருமுட்டையைச் சுற்றியிருக்கும் ஜோனா பெல்லூசிடா, கிளைக்கோபுரதங்களால் ஆன கண்ணாடி போன்ற உறை. அதன் தடிமன் பெரும்பாலும் 13 முதல் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை இருக்கும். விந்தணு நுழைந்தவுடன் முட்டையின் புறணியிலுள்ள துகள்கள் வெடித்து வெளிவிடும் நொதிகள் இந்த உறையை இறுகச் செய்து, இரண்டாவது விந்தணு உள்ளே வராமல் தடுக்கின்றன. அதன்பின் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணையும் வரை, பிளாஸ்டோமியர்கள் எனப்படும் கருவின் தொடக்கச் செல்கள் சிதறிவிடாமல் கட்டிக் காப்பதும் இதே உறைதான். கருவுற்ற ஐந்தாம் நாளளவில் கரு, நடுவில் நீர்க்குழி கொண்ட பிளாஸ்டோசிஸ்ட் ஆகி, சோடியத்தைக் குழிக்குள் ஏற்றி நீரை இழுத்து ஊதிப் பெருகும்போது உறை சில மைக்ரான் தடிமனுக்கு மெலிகிறது. புறச்செல்களான டிரோபெக்டோடெர்ம் சுரக்கும் புரதச்சிதைவு நொதிகளும் சேர்ந்து ஓரிடத்தில் அதைத் திறக்க, கரு அவ்வழியே பிதுங்கி வெளியேறுகிறது. வெளியேறிய கருதான் கருப்பை உட்சுவரில் ஒட்ட முடியும்.

கோழி அடைகாக்கும் வீடுகளில், குஞ்சு ஓட்டைக் கொத்தத் தொடங்கியதும் ஆசையில் ஓட்டை உரிக்கப் போகும் பிள்ளையின் கையைப் பெரியவர்கள் தட்டிவிடுவார்கள். அந்த எச்சரிக்கை இங்கும் பொருந்தும் என்றாலும் ஒப்புமையை அதிகம் நீட்டக் கூடாது. குஞ்சுக்கு அலகு உண்டு. கருவுக்கு இருப்பது அழுத்தமும் நொதியும் மட்டுமே. நாம் துளையிடும்போது அந்த அழுத்தம் சேரும் முறையையே மாற்றிவிடுகிறோம். கருவின் வளர்ச்சியில் இதனால் ஏற்படும் விளைவுகளுள் பெரும்பாலானவை இந்த ஒரு மாற்றத்திலிருந்து கிளைப்பவை.

ஹேச்சிங்குக்கு உதவலாம் என்ற எண்ணம் 1990-இல் கருவியலாளர் ஜாக் கோஹனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்குகிறது. இக்ஸி வருவதற்கு முந்தைய காலத்தில், விந்தணு நுழைய வசதியாக உறையில் ஊசியால் கீறல் போடும் முறை ஒன்று இருந்தது. அப்படிக் கீறப்பட்ட கருக்கள் மற்றவற்றைவிட அதிகமாகப் பதிவதைக் கண்டபோதுதான், கீறலின் பயன் விந்தணுவுக்கு மட்டுமா என்ற கேள்வி எழுந்தது. 1992-இல் அதே குழு, உறை தடித்த கருக்களுக்கு இது உதவக்கூடும் என்று காட்டியது. தொடக்கத்தில் ஊசியும் அமிலம் கலந்த டைரோட் கரைசலும் கருவிகளாக இருந்தன. அமிலத்தை நுண்குழாயில் எடுத்து உறை மீது ஊதி, கரைந்தவுடன் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் அமிலம் செல்லைத் தொட்டுவிடும். லேசர் இந்தப் பதற்றத்தைப் போக்கியது என்பதை மறுக்க முடியாது.

லேசர் வேலை செய்யும் விதம்

இன்றைய ஐ.வி.எஃப் ஆய்வகங்களில் உள்ளது 1.48 மைக்ரான் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு டயோடு லேசர். 1990-களின் நடுவில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரக் குழுவினர் இதைக் கருவியலுக்குக் கொண்டுவந்தனர். அதற்கு முன்பு வியன்னாவில் 2.94 மைக்ரான் எர்பியம் லேசரைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அந்தக் கதிரை நீர் மிக வேகமாக விழுங்கிவிடுவதால், நுண்ணிழை ஒன்றை உறையைத் தொடும் அளவுக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. புறஊதா லேசர்களும் சோதிக்கப்பட்டன. டி.என்.ஏ வலுவாக உறிஞ்சும் அலைநீளத்துக்கு அவை அருகில் இருப்பதால், மரபணுவில் பிழை ஏற்படுத்தும் அச்சத்தில் கைவிடப்பட்டன. 1.48 மைக்ரான் கதிர் டி.என்.ஏ-வைத் தாக்குவதில்லை. அதன் வேலை முழுவதும் வெப்பத்தால் நடக்கிறது: குவியும் புள்ளியில் நீர் நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் கொதிநிலையைத் தாண்டிச் சூடேற, அங்குள்ள கிளைக்கோபுரதம் கரைந்து போகிறது.

ஆகவே லேசரைக் கத்தியாக எண்ணாமல், கூர்மையாகக் குவித்த அடுப்பாக எண்ணிக்கொள்வது நல்லது. கத்தியின் ஆபத்து அது தொடும் இடத்தோடு முடிந்துவிடும். அடுப்பின் வெப்பமோ சுற்றிலும் பரவும். துளையின் விளிம்பிலிருந்து சில மைக்ரான் தள்ளியிருக்கும் செல் எரியாமல் இருந்தாலும், ஒரு கணம் தாங்கமுடியாத சூட்டைச் சந்தித்திருக்கலாம். 2001-இல் டக்ளஸ்-ஹாமில்டன், கோனியா ஆகிய இருவரும் இந்த வெப்பப் பரவலைக் கணக்கிட்டு, 100 மில்லிவாட் அளவிலான சக்தியில் ஒரு துடிப்பின் (லேசர் ஒரு முறை பாயும்) நீளம் 5 மில்லிநொடிக்குள் இருப்பது பாதுகாப்பானது என்று பரிந்துரைத்தனர். இன்றைய கருவிகளின் சக்தி அதைவிட அதிகம். அதற்கேற்பத் துடிப்பு ஒரு மில்லிநொடிக்கும் கீழே குறைக்கப்படுகிறது. எந்தக் கருவியாக இருந்தாலும் விதி ஒன்றுதான்: துளை பெரிதாக வேண்டுமென்றால் துடிப்பை நீட்டாதீர்கள், குறுகிய துடிப்புகளை அடுத்தடுத்து வையுங்கள். இரண்டு துடிப்புகளுக்கிடையே சூடு நீரில் பரவித் தணிந்துவிடும். ஒரே நீண்ட துடிப்பில் அதற்கு நேரமில்லை. கருவியின் மென்பொருள் குறியைச் சுற்றி வளையங்களாக வெப்பக் கோடுகளைக் காட்டும் வசதி இருந்தால் அதை அணைத்து வைக்க வேண்டாம். திரையை மறைக்கிறது என்று சொல்லி அணைத்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கருவியிலுள்ள மிகப் பயனுள்ள தகவலே அதுதான்.

கருவைத் தொடும் முன்

ஒவ்வொரு நாளும் முதல் கருவை எடுப்பதற்கு முன் லேசரின் குறி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெற்று டிஷ்ஷின் அடிப்பாகத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு மெல்லிய புள்ளி வைத்து, அது காய்ந்ததும் அதன் மீது குவியத்தைச் சரிசெய்து ஒரு துடிப்பை விட்டால், மையில் சிறு வெள்ளைத் துளை விழும். திரையிலுள்ள குறியின் நடுவில் அந்தத் துளை இல்லாவிட்டால் கருவியின் அமைப்பில் திருத்திக்கொள்ள வேண்டும். நுண்ணோக்கியை யாராவது இடித்திருந்தாலோ, கேமராவைக் கழற்றி மாட்டியிருந்தாலோ குறி விலகிவிடும். இரண்டு மைக்ரான் விலகல் பார்வைக்குச் சிறிதாகத் தெரிந்தாலும், உறைக்கும் செல்லுக்கும் இடையிலுள்ள இடைவெளியே சில மைக்ரான்தான் இருக்கும் கருவில் அது சிறிதன்று.

கதிர் கீழிருந்து, லென்ஸ் வழியாக, டிஷ்ஷின் அடிப்பாகத்தைக் கடந்து மேலே வருகிறது. டிஷ்ஷின் அடியில் ஆயில் துளியோ நீர்ப்படலமோ இருந்தால் கதிர் சிதறி, துடிப்பு விட்டும் துளை விழாது. அனுபவமில்லாதவர் இந்நிலையில் உடனே துடிப்பின் நீளத்தைக் கூட்டிவிடுவார். முதலில் அடிப்பாகத்தைத் துடைத்துப் பாருங்கள். பிறகு குவியத்தைப் பாருங்கள். நேரத்தைக் கூட்டுவது கடைசி வழி.

கருவை இன்குபேட்டருக்கு வெளியிலும் பி.எச் மாறாமல் காக்கும் ஹெப்பீஸ் அல்லது மாப்ஸ் மீடியத்தில், ஆயில் மூடிய சிறு துளியில், 37 டிகிரி சூடேற்றிய மேடை மீது வைக்க வேண்டும். ஒரு துளிக்கு ஒரு கரு. தம்பதியின் பெயரையும் எண்ணையும் இரண்டாவது ஒருவர் படித்துச் சரிபார்த்துக் கையொப்பமிட்ட பிறகே டிஷ் மேடைக்கு வர வேண்டும். எல்லாம் தயாரான பின் கருவை வெளியே எடுத்தால், வேலை ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும்.

மூன்றாம் நாள் கரு

ஆறு முதல் எட்டு செல்கள் கொண்ட மூன்றாம் நாள் கருவில் வேலை செய்யும்போது, உறையின் நடுக்கோட்டில், அதாவது உறையின் விளிம்பு மிகக் கூர்மையாகத் தெரியும் மட்டத்தில் குவியத்தை நிறுத்த வேண்டும். கதிர் செங்குத்தாக மேலே செல்வதால் உறையின் பக்கவாட்டில் ஒரு வாய்க்கால் போலத்தான் திறப்பு உருவாகும்; குவியம் தவறினால் அந்த வாய்க்கால் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் மூடியும் இருக்கும்.

அடுத்து இடம். உறையை ஒட்டி எந்த பிளாஸ்டோமியரும் இல்லாத பகுதியைத் தேடுங்கள். இரண்டு செல்களின் வளைவுகள் சந்திக்கும் பள்ளத்துக்கு எதிரே அல்லது செல் துண்டுகள் சேர்ந்திருக்கும் பகுதிக்கு எதிரே அத்தகைய இடைவெளி இருக்கும். கரு உருண்டு சரியான நிலைக்கு வராவிட்டால், பைப்பெட்டால் மெல்லத் திருப்பிப் பொறுமையாகப் பாருங்கள். அப்படியும் இடம் கிடைக்காத கருவில் துளையிடாமல் விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான்.

துளையை உறையின் வெளிப்புறத்திலிருந்து தொடங்கி, துடிப்பு துடிப்பாக உள்நோக்கி நகர்த்த வேண்டும். கடைசித் துடிப்பு செல்லுக்கு மிக அருகில் விழுவதால் அதைக் குறுகிய நேரத்தில் வையுங்கள். துடிப்பின்போது குமிழி தோன்றினால் சக்தி அதிகம் என்று பொருள். நிறுத்தி, குறைத்துக்கொண்டு தொடருங்கள். திறப்பின் அகலம் ஏறக்குறைய 30 முதல் 40 மைக்ரான் இருக்கலாம்.

இந்த அகலம்தான் பலர் தவறும் இடம். கருவுக்குத் தீங்கு குறையட்டும் என்ற நல்லெண்ணத்தில் 10 மைக்ரான் அளவுக்கு மட்டும் துளையிட்டு நிறுத்துபவர்கள் உண்டு. உண்மையில் அதுவே தீங்காக முடியலாம். துளையிட்ட கருவில் அழுத்தம் முழுதாகச் சேர்வதில்லை. உறை மெலியும் முன்பே செல்கள் துளை வழியே பிதுங்கத் தொடங்கிவிடும். எலிக் கருவிலும் மனிதக் கருவிலும் 1989-லேயே கவனிக்கப்பட்ட விளைவு இது. துளை குறுகலாக இருந்தால் பாதிக் கரு வெளியிலும் பாதி உள்ளேயும் எட்டு என்ற எண்ணின் வடிவில் சிக்கிக்கொள்ளும். மெலியாத உறை அதன் கழுத்தை இறுக்கும். சில கருக்கள் அப்படியே நின்றுவிடும். உட்செல் திரள் (பின்னர் குழந்தையாக வளரும் செல்களின் கூட்டம்) அந்தக் கழுத்தில் மாட்டி இரண்டாகப் பிரிந்தால் ஒரே கருவிலிருந்து இரட்டையர் உருவாகலாம் என்பது, ஹேச்சிங்குக்கும் ஒற்றைக் கரு இரட்டைக்கும் தொடர்பு உண்டு என்று சொல்லும் ஆய்வுகளுக்குத் தரப்படும் விளக்கம். அளவுக்கு மீறிய அகலத்திலும் பிரச்சினை உண்டு. செல்கள் இறுகப் பிணையும் முன் கருப்பைக்குள் செலுத்தப்படும் மூன்றாம் நாள் கருவில், பெரிய திறப்பின் வழியே ஒரு பிளாஸ்டோமியர் நழுவி வெளியேறிவிட முடியும். அதனால் ஹேச்சிங் செய்த கருவை எடுத்துச் செலுத்தும் கதீட்டர் மென்மையானதாகவும், பைப்பெட்டின் உள்விட்டம் கருவைவிடத் தாராளமாகவும் இருக்க வேண்டும்.

உறையை முழுதாகத் துளைக்காமல், அதன் சுற்றளவில் கால்பங்கு நீளத்துக்கு வெளிப்புறத்தை மட்டும் சுரண்டி மெலிவிப்பது மற்றொரு முறை. உள்ளடுக்கு முழுமையாக இருப்பதால் செல் நழுவாது; சூடும் செல்லிலிருந்து தள்ளியே நிற்கும். மூன்றாம் நாளில் செய்தே ஆக வேண்டும் என்றால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

பிளாஸ்டோசிஸ்ட்டும் உறைநிலையிலிருந்து மீட்ட கருவும்

நன்கு விரிந்த பிளாஸ்டோசிஸ்ட்டில் டிரோபெக்டோடெர்ம் உறையோடு ஒட்டியிருப்பதால், செல்லைச் சுடாமல் துளையிட இடமே இருக்காது. உறையும் ஏற்கெனவே மெலிந்திருக்கும். புதிதாக வளர்ந்த அத்தகைய கருவுக்கு ஹேச்சிங் செய்யப் பெரும்பாலும் காரணமில்லை.

விட்ரிஃபிகேஷன் (மிக வேகமாக உறைய வைக்கும் முறை) செய்து மீட்ட கருவின் நிலை வேறு. உறைய வைக்கும் கரைசல்களில் நீரை இழந்து சுருங்கிய கரு, வெதுவெதுப்பான கரைசலுக்கு வந்த முதல் சில நிமிடங்களுக்கு அப்படியே இருக்கும். உறைக்கும் கருவுக்கும் இடையே அகலமான வெற்றிடம் தெரியும் அந்த நேரம்தான் லேசருக்கு மிகப் பாதுகாப்பான நேரம். உட்செல் திரளை ஒன்பது மணித் திசையில் வைத்தால் மூன்று மணித் திசையில் தாராளமாக, சுற்றளவில் கால்பங்குவரை கூடத் திறக்கலாம். கருப்பைச் சுவரில் முதலில் ஒட்டுவது உட்செல் திரளை மூடியிருக்கும் டிரோபெக்டோடெர்ம் பகுதி என்பதால், திறப்பை அதன் அருகில் வைக்க வேண்டும் என்று கருதுபவர்களும் உண்டு. சூட்டை முன்னிட்டு எதிர்ப்புறமே எனக்கு ஏற்புடையது. கரு மறுபடி விரியத் தொடங்கிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விட்டது; துரத்திக்கொண்டு துளையிட வேண்டாம்.

இதன் மறுபக்கமாக, உறைய வைப்பதற்கு முன்பே விரிந்த பிளாஸ்டோசிஸ்ட்டின் நீரை லேசரால் வடிப்பதும் வழக்கத்தில் உள்ளது. உட்செல் திரளுக்கு வெகு தொலைவில், இரண்டு டிரோபெக்டோடெர்ம் செல்கள் சேரும் இணைப்பில் ஒரே ஒரு குறுந்துடிப்பு போதும். சில நிமிடங்களில் கரு தானாகச் சுருங்கும். குழியில் நீர் குறைந்தால் பனிப்படிகம் உருவாகும் வாய்ப்பும் குறையும்.

மரபணுச் சோதனைக்காக ஐந்தாம் அல்லது ஆறாம் நாளில் சில டிரோபெக்டோடெர்ம் செல்களை எடுக்க வேண்டுமென்றால் உறையைத் திறக்காமல் முடியாது. அங்கே லேசர் தேவையா என்ற விவாதமே இல்லை. மூன்றாம் நாளிலேயே துளையிட்டு வைத்தால் செல்கள் தாமாகப் பிதுங்கி வந்து எடுப்பதற்கு எளிதாகும் என்றாலும், சில நேரம் பிதுங்குவது உட்செல் திரளாக இருந்துவிடும். அதனால் பயாப்ஸி செய்யும், அதாவது செல்களை எடுக்கும் நாளிலேயே, உட்செல் திரளைக் கண்ணால் பார்த்துக்கொண்டு எதிர்ப்புறத்தில் திறப்பது மேல்.

யாருக்குச் செய்வது

பெண்ணின் வயது 38-க்கு மேல், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஐ.வி.எஃப் தோல்விகள், தரம் குறைந்த கருக்கள், 15 மைக்ரானுக்கு மேல் தடித்த உறை, உறைய வைத்து மீட்ட கரு ஆகியவை வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். இந்தப் பட்டியல் நியாயமானதாகத் தோன்றினாலும் சான்றுகள் அதற்கு ஈடாக இல்லை. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2021-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 39 சோதனைகளில் பங்கேற்ற 7,249 பெண்களின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தது. கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு ஓரளவு கூடலாம். ஆனால் உயிருடன் குழந்தை பிறப்பதில் பயன் உண்டா என்பது உறுதியாகவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் உருவாகும் கர்ப்பம் கூடக்கூடும் என்பதே அதன் முடிவு. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஹேச்சிங்கைப் பரிந்துரைக்கவில்லை. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கமும் எல்லாருக்கும் வழக்கமாகச் செய்யக்கூடாது என்கிறது.

உறையைத் திறப்பதால் கருவின் குரோமோசோம் பிழை திருந்தாது, மெதுவாகப் பிளவுபடும் செல் வேகமெடுக்காது, கருப்பை உட்சுவரின் ஏற்புத்தன்மையும் கூடாது. திரும்பத் திரும்பத் தோல்வி கண்ட தம்பதியிடம் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ‘லேசர் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்’ என்ற ஒரு வரி, கட்டணச் சீட்டில் ஒரு வரியைக் கூட்டுவதற்கு மட்டுமே பயன்படும். நம் நாட்டின் 2021-ஆம் ஆண்டு துணைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் தம்பதியின் எழுத்துமூலமான ஒப்புதலைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஹேச்சிங்கையும் அதன் இரட்டைக் கர்ப்ப அபாயத்தையும் அந்தப் படிவத்தில் தனியே எழுதி, தமிழில் விளக்கிய பிறகு கையொப்பம் பெறுவது நல்ல வழக்கம்.

பயிற்சியும் பதிவும்

பழகுவதற்கு, ஒப்புதலோடு பெறப்பட்ட, கருவுறாத முட்டைகளே ஏற்றவை. கருவுறாத முட்டையின் உறை உண்மையான உறை. அங்கே நடக்கும் தவறுகள் யாருக்கும் இழப்பாகாது. 20 மைக்ரான் என்று எண்ணி இட்ட துளையைத் திரையில் அளந்து பார்த்தால், தொடக்க நாள்களில் பாதிக்கு மேல் தவறாக இருக்கும். எண்ணியதும் அளந்ததும் ஒத்துப்போகும் வரை பயிற்சி தொடரட்டும்.

செய்து முடித்த ஒவ்வொரு கருவுக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை, ஒரு துடிப்பின் நேரம், கடிகார முள் திசையில் துளையின் இடம், அளந்த அகலம், முறை துளையிடலா மெலிவிப்பா என்பவற்றைப் படத்தோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். துளையை ஒட்டியிருந்த செல் கறுத்ததா, சிதைந்ததா என்பதைச் சில மணி நேரம் கழித்துப் பார்த்து எழுதுங்கள். பின்னர் ஸ்கேனில் இரட்டை என்று செய்தி வந்தால், எத்தனை கருக்கள் செலுத்தப்பட்டன, இரண்டுக்கும் நஞ்சுக்கொடி ஒன்றா தனித்தனியா என்று மருத்துவரிடம் கேட்டு, லேசர் பதிவின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஒற்றைக் கருவைச் செலுத்தி இரட்டை உருவாகியிருந்தால், முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது அந்தத் துளையின் அகலத்தை.